பித்தப்பைக் கல்லும் நான்கு துளைகளும்: வாசகர் கேள்வி, மருத்துவக் குழுவின் பதில்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பட்டணத்திலிருந்தும் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் பித்தப்பை பற்றி வந்த கடிதங்களுக்கு இம்மாதம் பதில் தருகிறோம். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்ததால் சிலவற்றை ஒன்றாக்கியிருக்கிறோம்.

கேள்வி: மூன்று வருடமாக 'கேஸ்ட்ரிக்' என்று சொல்லி வெள்ளை மருந்து குடித்து வந்தேன். போன மாதம் ஸ்கேன் எடுத்ததில் பித்தப்பையில் மூன்று கல், பெரியது 12 மில்லிமீட்டர் என்றார்கள். ஆப்பரேஷன் செய்துவிடுங்கள் என்கிறார் டாக்டர். வலி எப்போதாவதுதான் வருகிறது. பொறுத்துப் பார்க்கக் கூடாதா? (இல்லத்தரசி, வயது 44)

பதில்: அந்த வலி எப்படிப்பட்டது என்பதில்தான் பதில் இருக்கிறது, அம்மா. வயிற்றுப்புண் எரியும், பசியோடும் சாப்பாட்டோடும் கூடிக் குறையும். பித்தப்பை வலி எண்ணெய்ச் சாப்பாடு முடிந்து ஒன்றிரண்டு மணி நேரத்தில், பல சமயம் நடுராத்திரியில், நெஞ்சுக்குழியிலோ வலது விலா எலும்புக்குக் கீழேயோ பிடிக்கும். வலது தோள்பட்டைக்கும் முதுகுக்கும் ஏறும். எப்படிப் புரண்டு படுத்தாலும் அடங்காது. அரை மணி முதல் சில மணி நேரம் இருந்துவிட்டுத் தானாகப் போய்விடும். கொழுப்பு குடலுக்குள் இறங்கியதும் பை சுருங்கிப் பித்தத்தைத் தள்ளப் பார்க்கிறது. கல் வாயை அடைத்துக்கொள்கிறது. கல் மறுபடி பைக்குள் விழுந்ததும் வலி நிற்கிறது. அந்த நேரம் பார்த்து வெள்ளை மருந்தைக் குடித்திருந்தால் பெயர் அதற்குப் போகிறது.

இந்த வகை வலி ஓரிரு முறை வந்துவிட்டால் திரும்ப வருவதற்கே வாய்ப்பு அதிகம். உங்களுக்கு அப்படித்தான் என்றால் டாக்டர் சொல்வது சரி. வலியே இல்லாமல், வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் கல் தெரிந்தால் பெரும்பாலும் அதைத் தொட வேண்டியதில்லை. அப்படிப்பட்டவர்களில் ஆண்டுக்கு 100 பேரில் ஒன்றிரண்டு பேருக்குத்தான் தொல்லை தொடங்குகிறது. கல் 3 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தாலோ, பையில் 1 சென்டிமீட்டரைத் தொட்ட பாலிப் (உள்சுவரில் வளரும் சதை) இருந்தாலோ கணக்கு மாறும். கல் சின்னதுதானே என்று அலட்சியம் வேண்டாம்: 5 மில்லிமீட்டருக்குக் குறைந்த கற்கள்தான் குழாய்க்குள் நழுவி கணையத்தைப் புண்ணாக்குகின்றன.

வலி ஆறு மணி நேரத்தைத் தாண்டினாலோ, காய்ச்சலும் குளிரும் சேர்ந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அவசரப் பிரிவுக்குப் போங்கள். இனிப்புநீர் (நீரிழிவு) உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை: நெஞ்சுக்குழி வலியோடு வியர்த்துக் கொட்டினால் முதலில் இ.சி.ஜி. எடுக்க வேண்டும். மாரடைப்பும் இதே இடத்தில் வலிக்கும்.

கேள்வி: ஆப்பிள் சாறு, ஆலிவ் எண்ணெய், எலுமிச்சை குடித்தால் கல் வெளியே வந்துவிடும் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. என் அண்ணி குடித்து, பச்சைப் பச்சையாக முப்பது நாற்பது கல் போனதைக் காட்டினார். வாழைத்தண்டுச் சாறும் நல்லது என்கிறார்கள். மாத்திரையில் கரைக்க முடியாதா? (தமிழ்ப்பள்ளி ஆசிரியை)

பதில்: உங்கள் அண்ணி பார்த்தது கல் இல்லை. அவ்வளவு எண்ணெய் ஒரேயடியாகக் குடலில் இறங்கும்போது சோப்புப் போல உறைந்து, பித்தத்தின் பச்சை நிறம் ஏறி உருண்டையாக வரும். கையில் நசுக்கினால் நசுங்கும். வெயிலில் வைத்தால் உருகும். உண்மையான பித்தக்கல் இரண்டும் செய்யாது. போதாக்குறைக்கு, அவ்வளவு எண்ணெய் பையைப் பலமாகச் சுருக்கிக் கல்லை வாயில் கொண்டுபோய்ச் சிக்க வைக்கலாம்.

வாழைத்தண்டு சிறுநீரகக் கல்லுக்கென்று நம் வீடுகளில் சொல்லும் வைத்தியம். பித்தப்பைக்கும் சிறுநீர்ப் பாதைக்கும் தொடர்பே கிடையாது. சிறுநீரகக் கல்லை உடைப்பதுபோல அதிர்வலையால் பித்தப்பைக் கல்லை உடைக்கும் வழக்கமும் இப்போது அநேகமாகக் கைவிடப்பட்டுவிட்டது. உடைந்த துண்டுகள் போய் நிற்கும் இடம் ஆபத்தானது.

உர்சோடியாக்சிகோலிக் அமிலம் என்று ஒரு மாத்திரை உண்டு. கொலஸ்ட்ரால் கல்லாக, சுண்ணாம்பு படியாமல், சின்னதாக இருந்து, பையும் ஒழுங்காகச் சுருங்கினால்தான் அது வேலை செய்யும். ஆறு மாதம் முதல் இரண்டு வருடம் வரை தினமும் விழுங்க வேண்டும். கரைந்தவர்களிலும் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு ஐந்து வருடத்தில் கல் திரும்புகிறது, ஏனென்றால் கல்லை விளைவித்த பை அப்படியே இருக்கிறது. கல்லை மட்டும் எடுத்துவிட்டுப் பையை விட்டுவைக்காததும் இதனால்தான்.

கேள்வி: 'துளை ஆப்பரேஷன்' என்கிறார்களே, உள்ளே என்னதான் செய்கிறார்கள்? பையை எடுத்துவிட்டால் பித்தத்துக்கு எங்கே போவது? (பலரும் கேட்டது)

பதில்: பித்தத்தைச் சுரப்பது ஈரல். ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் சுரக்கிறது. பை வெறும் தொட்டி. 30 முதல் 50 மில்லிலிட்டர் பிடிக்கும். தொட்டியை எடுத்துவிட்டால் பித்தம் ஈரலிலிருந்து நேராகக் குடலுக்கு வடிந்துகொண்டிருக்கும். அவ்வளவுதான்.

துளை சின்னது என்பதால் ஆப்பரேஷனும் சின்னது என்று எண்ண வேண்டாம். முழு மயக்கம் கொடுத்து, தொண்டையில் குழாய் வைத்துத்தான் செய்கிறார்கள். தொப்புளை ஒட்டி 10 முதல் 12 மில்லிமீட்டர் வெட்டு. அதன் வழியே கார்பன் டையாக்சைடு வாயுவைச் செலுத்தி, 12 முதல் 15 மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்தில் வயிற்றைக் கூடாரம்போல உயர்த்துவார்கள். உள்ளே மின்கருவியால் சுடும்போது இந்த வாயு தீப்பிடிக்காது. மிச்சம் இருந்தாலும் ரத்தத்தில் கரைந்து மூச்சில் போய்விடும். சாதாரணக் காற்றுக்கு அந்தக் குணம் இல்லை. தொப்புள் வழியே கேமரா போகும். மார்பெலும்பு முடியும் இடத்துக்குக் கீழே ஒரு துளை, வலது விலாவுக்குக் கீழே 5 மில்லிமீட்டரில் இரண்டு துளைகள். பிறகு மேசையைத் தலைப்பக்கமும் வலப்பக்கமும் உயரும்படி சாய்ப்பார்கள். குடல் கீழே சரிந்து இடம் விடும்.

ஒரு கருவி பையின் நுனியைப் பிடித்து ஈரலுக்கு மேலே தள்ளும். இன்னொன்று கழுத்தைப் பிடித்து வலப்புறமாக இழுக்கும். அப்போது கழுத்துக்கும் ஈரலுக்கும் இடையே விரியும் முக்கோணத்தில்தான் முழு ஆப்பரேஷனும் இருக்கிறது. கொழுப்பையும் சவ்வையும் நூல் நூலாகப் பிரித்து, பையின் குழாயையும் அதன் ரத்தக்குழாயையும் காண வேண்டும். வெட்டுவதற்கு முன் மூன்று நிபந்தனைகள்: முக்கோணம் சுத்தமாகத் தெரிய வேண்டும், பையின் கீழ் மூன்றில் ஒரு பகுதி ஈரலிலிருந்து பிரிந்திருக்க வேண்டும், பைக்குள் இரண்டே இரண்டு குழாய்கள்தான் நுழைய வேண்டும். 1995-இல் அமெரிக்க அறுவை மருத்துவர் ஸ்டீவன் ஸ்ட்ராஸ்பெர்க் வகுத்துச் சொன்ன இந்த விதிதான் இன்று உலகெங்கும் பின்பற்றப்படுகிறது. மூன்றும் நிறைவேறினால், உள்ளே தங்கும் பக்கம் இரண்டு, பைப் பக்கம் ஒன்று என்று டைட்டானியம் கிளிப் போட்டு நடுவில் வெட்டுவார்கள். கொக்கி போன்ற மின்கருவியால் பையை ஈரலிலிருந்து உரித்து, சின்னப் பைக்குள் போட்டுத் தொப்புள் வழியே எடுப்பார்கள். கல் பெரிதாக இருந்தால் அந்தத் துளையைக் கொஞ்சம் அகலப்படுத்துவார்கள். வாயுவை வெளியேற்றி, தொப்புளில் தோலுக்கு அடியில் இருக்கும் கெட்டித் தசைநாரையும் தைப்பார்கள். அதைத் தைக்காமல் விட்டால் பின்னால் குடல் பிதுங்கும். ஒழுங்கான பைக்கு ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் ஆகும்.

பையை வெட்டி எடுப்பது புதிதல்ல. 1882-இல் பெர்லினில் கார்ல் லாங்கன்புக் வயிற்றைத் திறந்து முதன்முதலில் செய்தார். துளை வழியே முதலில் எடுத்தவர் ஜெர்மனியின் எரிக் மியூஹே, 1985-இல். அப்போது சக மருத்துவர்கள் அவரை மெச்சவில்லை; கேலிதான் செய்தார்கள்.

கேள்வி: என் வீட்டுக்காரருக்குத் துளை ஆப்பரேஷன் என்று சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார்கள். கண் விழித்தபோது விலாவுக்குக் கீழே ஒரு சாண் வெட்டு. தவறு நடந்துவிட்டதா? (தோட்டத் தொழிலாளியின் மனைவி)

பதில்: பெரும்பாலும் தவறைத் தவிர்ப்பதற்காகப் போட்ட வெட்டுதான் அது. கையெழுத்து வாங்கிய படிவத்திலும் 'தேவைப்பட்டால் திறந்த முறை' என்று ஒரு வரி வழக்கமாக இருக்கும். அதை வாசித்துக் காட்டி விளக்கியிருக்க வேண்டும். விளக்காமல் விட்டிருந்தால் உங்கள் மனக்குறை நியாயமானது.

ஏன் திறக்கிறார்கள்? அழற்சி கண்ட பை வீங்கி, தடித்து, குடலோடும் கொழுப்போடும் ஒட்டிக்கொள்கிறது. முக்கோணம் பிரியாது. இங்கேதான் பெரிய ஆபத்து. பையை மேலே இழுக்கும்போது ஈரலிலிருந்து வரும் பொதுப் பித்தக்குழாயும் அதே நேர்கோட்டில் இழுபட்டு, பையின் குழாய்போலவே தெரியும். அதற்குக் கிளிப் போட்டு வெட்டிவிட்டால் ஈரலின் வடிகாலே அறுந்துவிடும். ஆயிரம் ஆப்பரேஷனில் மூன்று முதல் ஐந்து பேருக்கு இந்தக் குழாயில் காயம் படுகிறது. நிபுணர்கள் மறுபடி திறந்து குடலை ஈரலோடு இணைத்துத் தைக்க வேண்டிய அளவுக்கும் போகலாம். அடையாளம் தெரியாத இடத்தில் துளைவழி வேலையை நிறுத்திவிட்டு வயிற்றைத் திறக்கும் மருத்துவரைத்தான் நாங்கள் நல்ல மருத்துவர் என்போம். சிலர் திறக்காமலே, பையின் பெரும்பகுதியை மட்டும் எடுத்துக் கழுத்தை விட்டுவிடுவார்கள். அதுவும் ஒப்புக்கொள்ளப்பட்ட வழிதான்.

திட்டமிட்ட ஆப்பரேஷனில் 100 பேரில் ஐந்து பேருக்குச் சற்று முன்பின் திறக்க நேரிடும். கடும் அழற்சியோடு வருபவர்களில் இது பல மடங்கு. வீங்கிய பை முதல் மூன்று நாளில் நீர்கோத்து மெத்தென்று இருக்கும், பிரிப்பது எளிது. ஒரு வாரம் பத்து நாள் போனால் இறுகிவிடும். அதன்பின் வழக்கமாக ஆறு வாரம் மருந்தில் ஆறவிட்டுத்தான் தொடுவார்கள். வலியோடு இரண்டு சம்பளத்தைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று தள்ளிப்போடுவதால் தோட்டத்து ஆட்கள் பெரிய வெட்டு வாங்கிக்கொள்வது இப்படித்தான். திறந்த முறைக்கு நான்கைந்து நாள் வார்டு, வேலைக்குத் திரும்ப ஆறு வாரம் என்று கணக்கு வையுங்கள்.

கேள்வி: எங்கே போய்ச் செய்வது? தனியாரில் கேட்டால் மயக்கம் வருகிறது. (பட்டணவாசி)

பதில்: தனியாரில் பத்தாயிரம் ரிங்கிட்டைத் தாண்டுவது சாதாரணம். அரசாங்க வழியில் கிளினிக் கெசிஹாத்தானில் (அரசாங்கச் சுகாதார நிலையம்) குடிமக்களுக்கு 1 ரிங்கிட், நிபுணர் கிளினிக்கில் 5 ரிங்கிட். வார்டு, ஆப்பரேஷன் கட்டணம் தனி, ஆனால் தனியாரோடு ஒப்பிட்டால் சொற்பம். சூராட் ருஜுக்கான் (பரிந்துரைக் கடிதம்) கையில் இல்லாமல் ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் நிற்க வேண்டாம். காத்திருக்கும் காலத்தில் வலி வந்த தேதி, எத்தனை மணி நேரம், காய்ச்சல் இருந்ததா என்று எழுதி வையுங்கள். இரண்டு மூன்று முறை வந்துவிட்டால் அந்தத் தாளைக் காட்டித் தேதியை முன்னுக்குக் கேட்கலாம்.

கேள்வி: எனக்கு இனிப்புநீர், ரத்த அழுத்தம் இரண்டும் உண்டு. ஆப்பரேஷனுக்கு முன் எதை நிறுத்துவது? காலையில் ஒரு தே தாரிக் குடிக்காவிட்டால் தலை சுற்றும்.

பதில்: தே தாரிக்கில் பால் இருப்பதால் அது சாப்பாட்டுக் கணக்கு: ஆறு மணி நேரத்துக்கு முன் நிறுத்த வேண்டும். பால் இல்லாத தே ஓ, வெறும் தண்ணீர் ஆகியவற்றை இரண்டு மணி நேரம் முன்புவரை பல இடங்களில் அனுமதிக்கிறார்கள். உங்கள் வார்டில் என்ன விதி என்று கேட்டுக்கொள்ளுங்கள். ரொட்டி சானாய், நாசி லெமாக் போன்ற கொழுப்பு மிகுந்த சாப்பாடு இறங்க எட்டு மணி நேரமாவது பிடிக்கும். 'கொஞ்சம்தானே' என்று குடித்துவிட்டுச் சொல்லாமல் படுப்பது மிக மோசம். மயக்கத்தில் வயிற்றிலிருப்பது நுரையீரலுக்குள் போகும்.

மாத்திரைகளை வீட்டுப் பெயரில் சொல்லாமல் அட்டையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். இனிப்புநீர் மாத்திரைகளில் எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் வகையை மூன்று நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள்; தொடர்ந்தால் சர்க்கரை அளவு சரியாகத் தெரியும்போதே ரத்தம் அமிலமாகிவிடக்கூடும். ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் மாத்திரைகளில் வார்ஃபரின் என்றால் ஐந்து நாள், குளோபிடோக்ரெல் என்றால் ஐந்து முதல் ஏழு நாள். இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்கள் இவற்றைத் தாங்களாக நிறுத்தவே கூடாது. ரத்த அழுத்த மாத்திரைகளில் சிலவற்றை அன்று காலை ஒரு வாய்த் தண்ணீரோடு விழுங்கச் சொல்வார்கள், சிலவற்றை நிறுத்துவார்கள்.

கேள்வி: ஆப்பரேஷன் முடிந்து இரண்டாம் நாள். வயிற்றைவிட வலது தோள்தான் வலிக்கிறது. நெஞ்சில் ஏதாவதா?

பதில்: ஆப்பரேஷனில் செலுத்திய வாயு உதரவிதானத்தை (நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசை) உறுத்துகிறது. அதன் நரம்பு கழுத்திலிருந்து புறப்படுவதால் வலி தோளில் தெரிகிறது. எழுந்து நடங்கள், இரண்டு மூன்று நாளில் போய்விடும். வயிற்று வலி நாளுக்கு நாள் குறையாமல் கூடினால், காய்ச்சல் அடித்தால், கண் மஞ்சளானால், வாந்தி நிற்காவிட்டால் அன்றே ஆஸ்பத்திரிக்குத் திரும்புங்கள். கிளிப் போட்ட இடத்திலோ ஈரல் படுக்கையிலோ பித்தம் கசிந்தால் முதல் வாரத்தில்தான் இப்படித் தெரியவரும். சீக்கிரம் கண்டால் ஒரு குழாய் வைத்தே சரிசெய்துவிடலாம்.

கேள்வி: நான் செம்பனைக் குலை வெட்டுகிறேன். இரண்டு வாரத்தில் வேலைக்கு வரச் சொல்கிறது ஆபீஸ். 14 நாளுக்கு மேல் எம்.சி. (மருத்துவ விடுப்புச் சான்று) கிடையாது என்கிறார் கிராணி (தோட்டத்து எழுத்தர்).

பதில்: மேசை வேலைக்கு இரண்டு வாரம் போதும். நீளக் கம்பில் அரிவாளைத் தூக்கி அண்ணாந்து இழுப்பதும், 15, 20 கிலோ குலையை ஏற்றுவதும் தொப்புள் தையலை நேராக இழுக்கும். நான்கு முதல் ஆறு வாரம் அது கூடாது. ரப்பர் பால் வாளி சுமப்பவர்களுக்கும் இதே விதி. இடையில் உதிரிப்பழம் பொறுக்குவது போன்ற இலகு வேலை கேளுங்கள், எம்.சி.யிலேயே 'பாரம் தூக்கக் கூடாது' என்று டாக்டரை எழுதச் சொல்லுங்கள்.

கிராணி சொல்வது பாதி. 1955 வேலைவாய்ப்புச் சட்டப்படி சம்பளத்தோடு கூடிய சாதாரண மருத்துவ விடுப்பு, சேவை இரண்டு வருடத்துக்குக் குறைவென்றால் 14 நாள், இரண்டு முதல் ஐந்து வருடத்துக்குள் 18, அதற்கு மேல் 22. ஆஸ்பத்திரியில் தங்க வேண்டிய நோய்க்கு ஆண்டுக்கு 60 நாள் உண்டு. 2023 ஜனவரி 1 முதல் இந்த 60 நாள் சாதாரண விடுப்பில் கழிக்கப்படாமல் தனியாக நிற்கிறது. ஆஸ்பத்திரியில் வைக்க வேண்டிய நிலை என்று டாக்டர் சான்றளித்தால், வீட்டிலிருந்தாலும் அந்தக் கணக்கில் சேரும். விடுப்பு தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் முதலாளிக்குத் தெரிவிக்க மறக்காதீர்கள். பலர் உரிமையைக் கோட்டைவிடுவது அந்த இடத்தில்தான்.

கேள்வி: அம்மாவுக்கு மஞ்சள் காமாலை. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்து ஒரு வாரம் ஆகிறது, உடம்பெல்லாம் அரிக்கிறது என்கிறார். ஏற்கெனவே பித்தக்கல் இருந்தது.

பதில்: நாளை என்று தள்ள வேண்டாம், இன்றே கூட்டிப் போங்கள். அரிப்பு, தேநீர் நிறச் சிறுநீர், வெளுத்த மலம் மூன்றும் சேர்ந்தால் கல் பொதுப் பித்தக்குழாயில் அடைத்திருக்க வாய்ப்பு அதிகம். அடைப்பைக் கீழாநெல்லி தள்ளாது. காய்ச்சலும் குளிரும் சேர்ந்தால் தேங்கிய பித்தத்தில் சீழ் பிடித்திருக்கிறது. சில மணி நேரத்தில் ரத்த அழுத்தம் விழலாம்.

இதற்கு முதலில் இ.ஆர்.சி.பி. செய்வார்கள்: வாய் வழியே குழாய்க் கேமராவைக் குடல்வரை இறக்கி, பித்தக்குழாயின் வாயைக் கீறி, பலூனாலோ வலையாலோ கல்லை இழுப்பது. வெட்டுக் காயம் இல்லை, ஆனால் 100 பேரில் ஐந்து பேருக்குச் சற்று முன்பின் கணைய அழற்சி வரும். பிறகு பையைத் துளை வழியே எடுப்பார்கள். முடிந்தால் அதே தங்கலில். 'கல்தான் போய்விட்டதே' என்று பையோடு வீடு திரும்புபவர்கள் மறுபடி அடைப்போடு வருகிறார்கள்.

தோட்டத்தில் இருப்பவர்களுக்கு இன்னொன்று: காய்ச்சல், கெண்டைக்கால் வலி, சிவந்த கண்ணுக்குப் பிறகு காமாலை வந்தால் எலிச் சிறுநீரால் பரவும் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். தோட்டத்தில் வேலை என்பதை டாக்டரிடம் சொல்லுங்கள். சொன்னால்தான் அந்தப் பரிசோதனை நினைவுக்கு வரும்.

கேள்வி: இனி ஆயுளுக்கும் எண்ணெய் தொடக்கூடாதா?

பதில்: அப்படி ஒன்றும் இல்லை. முதல் இரண்டு மூன்று வாரம் கஞ்சி, இட்லி, ரசம், மீன் குழம்பு என்று சின்னச் சின்ன வேளைகளாகச் சாப்பிடுங்கள். சாந்தான் (தேங்காய்ப்பால்) குறைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம். சிலருக்குப் பித்தம் நிற்காமல் வடிவதால் மலம் இளகிப் போகும். பெரும்பாலோருக்குச் சில வாரத்தில் சரியாகும், நீடித்தால் மருந்து உண்டு.

கேள்வி: டிசம்பர் கடைசியில் ஆப்பரேஷன். ஒரு மாதத்தில் தைப்பூசம். பால்குடம் நேர்ந்திருக்கிறேன், தம்பி காவடி. அவனுக்கும் இதே ஆப்பரேஷன் தேதிதான்.

பதில்: துளை முறையில் சிக்கலில்லாமல் முடிந்து, நான்கு வாரம் ஆகி, தொப்புள் புண் ஆறியிருந்தால் சின்னக் குடமாக எடுங்கள். பத்துமலையின் 272 படிகளும் அப்போது தாங்கும். தம்பியின் காவடி வேறு விஷயம். இடுப்பில் பெல்ட் இறுக்கி, தோளில் பெரும் பாரத்தைத் தாங்கி ஆடும்போது அழுத்தம் முழுக்கத் தொப்புள் தையலில் விழும். இந்த வருடம் வேண்டாம். விரதத்தைப் பொறுத்தவரை சைவச் சாப்பாட்டால் கெடுதல் இல்லை. ஆனால் நாள் முழுக்கப் பட்டினி கிடந்து, வாரத்துக்கு ஒன்றரை கிலோவுக்கு மேல் எடை இறங்கினால் பை உள்ளவர்களுக்குப் புதுக்கல் சேரும். கல் இருப்பது தெரிந்த உறவினர்கள் ஒருவேளை உணவு விரதத்துக்குப் பதில் மூன்று சின்ன வேளை வைத்துக்கொள்ளட்டும்.

கேள்வி: எடுத்த கல்லைப் போத்தலில் போட்டு வீட்டுக்குக் கொடுப்பார்களா?

பதில்: முன்கூட்டிக் கேட்டால் பல இடங்களில் கொடுப்பார்கள். பை மட்டும் ஆய்வுக்கூடத்துக்குப் போகும். கல்லிருந்த பையில் எப்போதாவது, நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவாக, யாரும் எதிர்பாராத புற்று தெரியவரும். அதனால் தையல் பார்க்கும் நாளில் கல்லைப் பற்றிக் கேட்பதற்கு முன் பையின் அறிக்கை வந்துவிட்டதா என்று கேளுங்கள்; வரவில்லை என்றால் எந்தத் தேதியில், எந்தக் கவுன்டரில் வாங்குவது என்று அட்டையில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.